பத்தொன்பது வருடப் பூஜ்யம்

முகாம் வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிரிவின் பெயருக்கு எதிரிலும் ஓர் எண். எரிபொருள் கிடங்கு முப்பத்தொன்று. சமையற்கூடம் நான்கு. கனரக வாகனப் பட்டறை பூஜ்யம். அந்தப் பூஜ்யம் என்னுடையது. அதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். எண்ணெய் சிந்தியது, டீசல் கசிந்தது, பேட்டரி அமிலம் கொட்டியது என்று ஒவ்வொரு பிரிவும் எழுதிக் கொடுத்த பிழை அறிக்கைகளின் எண்ணிக்கை அது. பத்தொன்பது வருடமாக அந்தப் பட்டறைக்கு நான் ஃபோர்மேன். ராணுவ லாரிகளை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிக்கிற இடம்தான், ஆனாலும் என் தரையில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கலாம். பூஜ்யத்தைத் தவிர வேறென்ன வரும்?

"ஃபோர்மேன், உங்க நம்பரைப் பார்த்தாதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் பின்னாலிருந்து கேப்டன் அம்மா. பத்து மாதத்துக்கு முன், சுற்றுச்சூழல் மேலாண்மை முறையை முகாமில் கொண்டுவருவதற்காகவே மேலிடம் அனுப்பி வைத்தவர்.

"ஒரு தப்பும் நடக்கல மேடம். அதான் பூஜ்யம்."

"இவ்வளவு பெரிய பட்டறையில ஒண்ணுமே நடக்கலைன்னா எப்படி நம்புறது? கிடங்குக்காரரைப் பாருங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் எழுதித் தந்துடறார். இந்த முறைக்கு உயிரே அதுதான்."

கிடங்குக்காரர் என்று அவர் மரியாதையாகச் சொன்னது என் மச்சினனை. என் மனைவியின் கடைசித் தம்பி. நான் இடத்துக்கு இடம் நடந்து, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி இந்த முகாமில் வேலைக்குச் சேர்த்துவிட்டவன். முகாம் முழுக்க அவனுக்குக் 'கசிவு' என்று பட்டப்பெயர். முப்பத்தொரு தடவை சிந்தவிட்டவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், ஒரு தடவைகூடச் சிந்தாதவனுக்குச் சிவப்பு மை! உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். மாதக் கடைசியில் எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரு சுற்றுச்சூழல் மேற்பார்வையாளரை எங்களுக்குள்ளிருந்தே எடுக்கப் போகிறார்கள் என்று அன்றைக்கே அறிவித்தார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருடம். அதற்குள் வரக்கூடிய ஒரே உயர்வு இதுதான். என்னை விட்டால் அவன். அவன் வந்தால், குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பட்டறைக்குள் வந்து, "இந்த டப்பாவுக்கு மூடி எங்கே அத்தான்?" என்று கேட்பான். அத்தான் என்று மரியாதையாகவே கேட்பான். 

வீட்டில் மனைவியிடம் பொருமினேன்.

"அவன் எதையும் மறைக்க மாட்டான், சின்ன வயசுலயே அப்படித்தான்" என்றாள் அவள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே. என் சட்டைக்குத்தான்.

"அப்ப நான் மறைக்கிறேனா?"

"நான் அப்படியா சொன்னேன்? நீங்க ஒண்ணு. அவனைப் பத்திப் பேசினாலே மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

என் முகம் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். மச்சினன் வீட்டுக்கு வந்தால் அவள் குரலே மாறும், என் பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டு உட்காருவார்கள். நான் பத்து வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அப்போது எனக்கு மனசில்லை. நியாயம் கேட்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். சரி, இவர்களுக்கு வேண்டியது தவறுதானே? கொடுத்துவிட்டுப் போகிறேன். சின்னதாக ஒன்று, ஆபத்தில்லாதது, அழகாகச் சமாளித்ததாக ஒன்று. வெறும் காகிதத்தில் எழுதினால் போதாது, புகைப்படம் வைக்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு தோதான இடம் இருந்தது. பட்டறைத் தரையைக் கழுவுகிற தண்ணீர் வடிகாலில் இறங்கி, வெளியே இருக்கிற பிரிப்புத் தொட்டிக்குப் போகும். எண்ணெய் மேலே மிதந்து அங்கேயே நிற்கும், தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். என் தொட்டி எப்போதும் பளிங்கு மாதிரி இருக்கும். பார்வையிட வரும் ஒவ்வொருவருக்கும் அதன் மூடியைத் திறந்து காட்டாமல் நான் விட்டதில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மெக்கானிக்குகள் மதியமே கிளம்பிப் போய்விட்டார்கள். பழைய எஞ்சின் ஆயிலை முக்கால் லிட்டர் அளந்து எடுத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, லாரி ஏற்றும் மூன்றாவது மேடைக்குப் பக்கத்தில் வடிகால் வாயிலேயே ஊற்றினேன். குழாயைத் திறந்து தண்ணீர் விட்டேன். கறுப்பாகச் சுழன்று உள்ளே போயிற்று. போன பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை அல்லவா.

கைபேசியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய் மூடியைத் தூக்கினேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும் என்று நின்றேன். வரவில்லை. திரும்பிப் போய் இன்னும் பத்து வாளி தண்ணீர் விட்டுவிட்டு ஓடி வந்தேன். தொட்டியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. தண்ணீர் அசையக்கூட இல்லை. குனிந்து பார்த்த என் முகம்தான் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது தரைத் தண்ணீரே அல்ல. கூரையிலிருந்து இறங்குகிற மழைத் தண்ணீர். இத்தனை வருடமும் நான் ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

பட்டறையின் பின்பக்கம் நான் போகவே மாட்டேன். முள்ளும் புதருமாகக் கிடக்கும், அங்கே எனக்கென்ன வேலை? தரைத் தண்ணீர் மழைநீர்க் கால்வாயில்தான் போயிருக்க வேண்டும் என்று அன்றைக்குப் போனேன். மழைநீர்க் கால்வாய் கம்பிவேலிக்கு அடியில் புகுந்து ஓடையில் விழுகிற இடத்தில், நான் ஊற்றிய எண்ணெய் நீலமும் மஞ்சளுமாகப் படர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த கற்கள் கறுப்பாக இருந்தன. ஒரு கல்லை விரலால் சுரண்டினேன். நகத்துக்குள் பிசின் மாதிரி ஏறியது. முக்கால் லிட்டரில் வருகிற கறுப்பு இல்லை அது. வேலிக்கு அப்பால் அந்த ஓடை படைவீரர்களின் குடும்பங்கள் இருக்கிற குடியிருப்புக்குப் பின்னால் போகிறது. அங்கே தோட்டங்களுக்கு அந்தத் தண்ணீரைத்தான் வாளியில் மொள்கிறார்கள்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் தரையை உடைத்துக் குழாய் பதித்தார்கள். எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்காமலே, வேலை சரியாக முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

முதலில் அந்த எண்ணெயைத் தடுக்க வேண்டும். எண்ணெய் உறிஞ்சும் பஞ்சு உருளைகள் கிடங்கில்தான் இருந்தன. என் பட்டறைக்கும் வேண்டுமா என்று கேட்டபோது, "எங்களுக்கு எதுக்கு? நாங்க சிந்த மாட்டோம்" என்று நக்கலாகத் திருப்பி அனுப்பியவன் நான்தான். மூக்கறுபட்டாலும் பரவாயில்லை என்று கிடங்குக்கு ஓடினேன். டேங்கர் வருகிற நாள் என்பதால் மச்சினன் இருந்தான்.

"மாப்ள, ஆயில் போயிடுச்சு. ரெண்டு உருளை குடு" என்றேன், மூச்சு வாங்க.

அவன் உடனே எழுந்தான். உருளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். பட்டறை வாசலைத் தாண்டினான், தொட்டியைத் தாண்டினான், புதரை விலக்கிக்கொண்டு நேராக அந்தக் கறுப்புக் கற்களிடம் போய் நின்றான். முழங்கால் தண்ணீரில் இறங்கி உருளையைக் குறுக்கே கட்டினான். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கேன்னு நீ கேக்கவே இல்லியே" என்றேன்.

அவன் நிமிரவில்லை. "எட்டு மாசமாத் தெரியும் அத்தான்."

"என்னது?"

"இந்தச் சுற்றுச்சூழல் முறை வந்த புதுசுல வேலியோரமா நடந்து பார்க்கச் சொன்னாங்கல்ல, அப்பப் பார்த்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க தொட்டியை எல்லாருக்கும் காட்டிட்டிருந்தீங்க. அக்காவும் அதையே பெருமையாச் சொல்லிட்டிருப்பா. நீங்களே ஒருநாள் பார்த்துடுவீங்கன்னு விட்டுட்டேன்."

என் வயிறு எரிந்தது. ஒன்றுக்கும் உதவாத முப்பத்தொரு சொட்டுகளை எழுதிக் கொடுத்தவன், இவ்வளவு பெரியதை எனக்காக விழுங்கியிருக்கிறான். என்னைப் பார்த்து இவன் பரிதாபப்பட்டிருக்கிறான்!

"சரி, இன்னிக்கு எப்படிக் கொட்டுச்சு?" என்று கேட்டான்.

"டப்பா சரிஞ்சிடுச்சு" என்றேன்.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். குழாய் தப்பான கால்வாயில் சேர்ந்திருக்கிறது என்பது, எத்தனை வருடமாக என்பது, முடிவில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பது, எல்லாவற்றையும் எழுதினேன். டப்பா சரிந்தது என்றும் எழுதினேன். எட்டு மாதமாக அவனுக்குத் தெரியும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் கிடையாது. அவன் என்மேல் இரக்கப்பட்டான் என்பதை என் கையால் எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை கேப்டன் அம்மா கூப்பிட்டார். மேசையில் இரண்டு அறிக்கைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று கிடங்கின் முப்பத்திரண்டாவது.

"உங்களுக்கு முன்னாடியே அவர் வந்து குடுத்துட்டுப் போயிட்டார். எட்டு மாசமாத் தெரிஞ்சும் சொல்லலைன்னு தன்மேலயே எழுதியிருக்கார்."

பாவி! அதிலும் எனக்கு முந்திக்கொண்டான்.

"நேர்மையா எழுதியிருக்கார், ஆனா எட்டு மாசம் அந்தத் தண்ணி ஓடியிருக்கு. அவரை எடுக்க முடியாது" என்றார் கேப்டன் அம்மா. "குழாய் விஷயத்துல உங்க பேர்லயும் தப்பு இருக்கு. ஆனா தெரிஞ்ச அன்னிக்கே மறைக்காமச் சொன்னீங்க. மேற்பார்வையாளர் நீங்கதான். மாசக் கடைசியில உத்தரவு வரும்."

ஜெயித்துவிட்டேன். மைதானத்தைக் கடந்து பட்டறைக்கு நடந்து வருவதற்குள் அது தண்ணீராகக் கரைந்துபோயிற்று. மெக்கானிக்குகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது என் பதவியைப் பற்றியா? "நம்ம கசிவு தன் பேரையே எழுதிக் குடுத்துட்டாராமே, என்ன மனுஷன்யா!" என்று. வீட்டில் மனைவி, "உங்களுக்குக் கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் எனக்கானது இல்லை. இத்தனை வருடம் அவனுடைய பேச்சையும் சிரிப்பையும் பார்த்து எரிந்தேன். இப்போது அவனுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்பதைப் பார்த்து எரிந்தேன். எனக்கு முக்கால் லிட்டர் இருந்தது.

மறுநாள் காலை புதிய படிவம் ஒன்றை எடுத்துத் திருத்த அறிக்கை எழுதினேன். டப்பா சரியவில்லை, நான் ஊற்றினேன் என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'மூல காரணம்' என்று அச்சிட்டிருந்தது. 'பொறாமை' என்று எழுதினேன். திருத்த அறிக்கைக்கு, சம்பவ இடத்தில் இருந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு நான் வேறு யாரிடம் போக முடியும்?

கிடங்கில் அவன் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தான். படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தான். முடிந்ததும் இன்னொரு தடவை படித்தான்.

"இதைக் குடுத்தா அந்தப் பதவி போயிடும் அத்தான்."

"தெரியும்."

"காரணம்ங்கற இடத்துல கவனக்குறைவுன்னு போட்டுக்கலாமே. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"கவனமாத்தான்டா ஊத்தினேன். அளந்து ஊத்தினேன்."

அவன் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். யார்மேல் பொறாமை என்று கேட்டுவிடுவானோ என்று பயந்தேன். அவன் கேட்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"அப்ப சமையல்கூடத்துக்காரருக்குத்தான் போகும்" என்றான்.

"போகட்டும். அவர்மேல எனக்கு ஒரு எரிச்சலும் இல்ல."

அவன் சிரிக்கவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, படிவத்தை டீசல் பீப்பாய்மேல் வைத்து, என் பெயருக்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.