ஆண்டியப்பனின் வெறும் வயிறு

என் மனுசன் ஆண்டியப்பனுக்கு ஒரு பழக்கம். வயலுக்குக் களைமருந்தடிக்கிற நாளில் பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் வைக்கமாட்டார். வயிற்றில் சோறு கிடந்தால் மருந்து மணத்துக்குக் குமட்டிச் சத்தி வருமாம். ஜெயபுரத்து ஆம்பிளைகளில் பாதிப்பேர் இதையேதான் சொல்வார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்கவேண்டும்.

போன மாரியில் இதனால்தான் கெட்டோம். இரண்டாம் தாங்கி மருந்து அடித்து முடியுமுன் தலை சுற்றி வரம்பில் குந்தியவர், மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்றார். அடுத்த நாள் மழை. நாலு நாள் விடவில்லை. கோரை வளர்ந்து நெல்லை மூடிவிட்டது. வீட்டு நெல் ஆனியோடு தீர்ந்து, பிறகு கடை அரிசிதான். இரண்டு ஏக்கர் வயல் வைத்திருக்கிறவள் அரிசிக்குக் கடையில் போய் நிற்பது எவ்வளவு வெட்கம் தெரியுமா? இந்த முறை இரண்டு ஏக்கரும் தப்பவேண்டும். அதற்கு இந்த மனுசன் சாப்பிடவேண்டும்.

மருந்தடிக்கிற அன்று நாலு மணிக்கே எழும்பிப் புட்டவித்தேன், மீன் குழம்பும் வைத்தேன். மகள் கம்சாவுக்குத் தீத்தி, பள்ளிக்கூடத்துக்கும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். மிச்சம் முழுவதையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு வயலுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

போய்ச் சேரப் பத்து மணி. ஒன்றரை ஏக்கர் அடித்து முடித்திருந்தார். தாங்கியைத் தோளில் சுமந்தபடி வரம்பில் தடுமாறிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இறக்குங்கோ அதை. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ."

"அரை ஏக்கர்தானே கிடக்கு. முடிச்சுப்போட்டுச் சாப்பிடுறன்."

"ஓம், போன முறை முடிச்சுக் கிழிச்ச மாதிரித்தானே? இப்ப சாப்பிடாட்டி இந்தப் புட்டை நாய்க்குப் போடுவன்."

சிரித்துக்கொண்டே குந்தினார். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் சாப்பிட்டு முடியும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றால் போன முறைக் கதைதான். மோட்டர் கொட்டிலுக்குள் போனேன். அங்கே இரண்டு வெள்ளைப் போத்தல்கள். ஒன்று நெல்லை விட்டுக் களையை மட்டும் கொல்லும். மற்றது வரம்புப் பற்றைக்கு அடிப்பது, பச்சையாக எதையும் விடாது. ஒன்றை எடுத்துக் கலந்து, தாங்கியைத் தோளில் ஏற்றி, அரை ஏக்கரையும் நானே அடித்து முடித்தேன். மழை பின்னேரம்தான் வந்தது. அன்று எனக்கிருந்த பெருமை சொல்லி மாளாது.

பத்தாம் நாள் அந்த அரை ஏக்கர் மட்டும் வைக்கோல் நிறமாகிவிட்டது. நெல்லும் கோரையும் ஒன்றாகக் கருகிக் கிடந்தன. மருந்துக் கடைக்காரனைத் திட்டினேன். விதைநெல்லைத் திட்டினேன். வெறும் வயிற்றோடு நின்று நீங்கள்தான் போத்தல்களை மாற்றி வைத்துவிட்டீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரேயும் சொன்னேன்.

அவர் கொட்டிலுக்குப் போய், பற்றை மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூடி உடைபட்டிருந்தது, கால்வாசி குறைந்திருந்தது. அவர் வரம்புப் பக்கம் இன்னும் மருந்தே அடிக்கவில்லை. கலந்தது நான்தான்.

ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ரூபி, அண்டைக்கு நீ என்ன சாப்பிட்டனி?"

இப்படி ஒரு கேள்வியை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். போத்தலில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்ததும், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததால்தான் என்று நான் நினைத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தன.

"தேத்தண்ணி குடிச்சனான்."

"முதல்நாள் இரவு?"

முதல்நாள் இரவும் தேத்தண்ணிதான். சொல்லப் போனேன், அழுகைதான் வந்தது.