நீல நூல்

கத்திவிடக் கூடாதென்று இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டான். வலது கை நுண்ணோக்கியின் திருகை விடவில்லை. இருட்டறையில், கண்ணுக்கு நேரே, கறுப்பின் நடுவில் பச்சைப் பொட்டுகள். எண்ணிப் பார்த்தான். ஏழுக்கு மேல் எண்ண வரவில்லை.

அக்காவின் நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரை முந்தாநாள் ஊசி போட்டு எடுத்திருந்தார்கள். "கீழ கொட்டுறத என் தம்பிகிட்ட குடுங்க. மெஷின்ல வச்சுப் பாக்கட்டும்" என்று படுத்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த நீரில் அவன் விட்டது மார்பகப் புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் சாயம்; ஊதா வெளிச்சம் பட்டால் ஒட்டிய இடம் மட்டும் பச்சையாக ஒளிர வேண்டும். லட்சம் நல்ல செல்களுக்கு நடுவே நாலு கெட்ட செல் ஒளிந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் மருத்துவமனையின் அடித்தளத்தில் அவனும் மேடமும் பதினான்கு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்களேன்!"

ஆய்வுக்கூடத் தலைவி வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நூல் இல்லையே?" என்றார்.

அந்தக் கேள்வி அவனுக்கு வேண்டியதுதான். போன வருடம் நிறத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் இதேபோல் துள்ளிக் குதித்து, "கண்டுபிடிச்சிட்டோம்க்கா!" என்று போனில் அலறியவன் அவன். பெரிதாக்கிப் பார்த்தால், ஒளிர்ந்தது அவனுடைய வெள்ளைக் கோட்டிலிருந்து உதிர்ந்த நூல்துணுக்கு. துணி பளிச்சென்று தெரிய சலவைத்தூளில் கலக்கிற சரக்கும் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிருமாம். கோட்டை வெளுத்துக் கொடுத்தது சாட்சாத் அக்காவின் சலவைக்கடை.

அப்போது அவளுக்குத் தலைமுடியெல்லாம் கொட்டியிருந்தது. அப்படியும் வயிறு வலிக்கச் சிரித்தாள். "என் வெளுப்பு உன் மெஷினையே ஏமாத்திடுச்சா? இரு, கடை போர்டுலயே எழுதி மாட்டுறேன்!" சிரித்து முடித்த பிறகு அவன் காதைத் திருகினாள். "அடுத்த தடவ அரைகுறையா வந்து நிக்காதடா. நல்லா பாத்துட்டு வா. ஆனா முதல்ல எனக்குத்தான் காட்டணும்."

அன்றோடு அவள் வெளுத்த கோட்டு இருட்டறைக்குள் வரக் கூடாது என்று மேடம் தடை போட்டுவிட்டார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அக்காவோடு இருந்த அவள் கணவர்.

"மாப்ள, உடனே மேல வா. எல்லாரையும் வரச் சொல்றாங்க."

"எவ்ளோ நேரம் மாமா இருக்கு?"

மாமா போனை வைத்துவிட்டார்.

நோயில்லாத ஒருவரின் மாதிரியிலும் இதே சாயத்தை விட்டிருந்தார்கள். அது ஒளிராமல் இருந்தால்தான் இந்தப் பச்சை நிஜம். சாயம் ஊற இன்னும் இருபது நிமிடம் ஆகும்.

"நீ போப்பா. நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் மேடம்.

"வேணாம் மேடம். 'நல்லா பாத்தியாடா'ன்னுதான் முதல்ல கேப்பா."

இருபது நிமிடமும் நின்றுகொண்டே இருந்தான். அவள் அதற்குள் போய்விட்டால் ஆயுளுக்கும் தன்னை மன்னிக்கப்போவதில்லை என்று தெரிந்தே நின்றான். மணி அடித்ததும் கண்ணாடித்துண்டை நுண்ணோக்கியில் வைத்தான். கறுப்பு. மூலைமுடுக்கெல்லாம் நகர்த்திப் பார்த்தான். ஒரு பொட்டு இல்லை.

"ஓடு!" என்று மேடமே அவனைக் கதவுப்பக்கம் தள்ளினார்.

லிப்ட் ஐந்தாவது மாடியில் நின்றிருந்தது. காத்திருக்க அவனுக்கு ஏது பொறுமை? இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்றாம் மாடி போய்ச் சேர்ந்தான். மாமா அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் கண்கள் பாதி மூடியிருந்தன. மூச்சுக்கவசத்துக்குள் ஆவி படர்வதும் மறைவதுமாக இருந்தது.

"அக்கா! கெடச்சிருச்சு! இங்க பாருக்கா!"

பச்சைப் பொட்டுகளைப் படமெடுத்திருந்த போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். இமை மெல்லத் திறந்தது. துவைத்த சட்டையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துக் கறை தேடுவாளே, அதே பார்வை. உதடு அசைந்தது. அவன் காதை அருகில் கொண்டுபோனான்.

"நூலா?"

"இல்லக்கா. நோயில்லாதவங்களோடதையும் வச்சுப் பாத்துட்டேன், அது இருட்டா இருக்கு. உன்னோடது மட்டும்தான் மின்னுது. சத்தியமா நூல் இல்ல."

ஒரு புருவம் உயர்ந்தது.

"பளிச்னு இருக்குடா."

மாமா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அவனுக்கோ மாடி மாடியாக ஓடி எல்லாருக்கும் காட்ட வேண்டும் போல இருந்தது. இந்த நேரத்தில் இவ்வளவு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. படத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றரை மணிக்கு, கவசத்துக்குள் ஆவி படரவில்லை.

ஐந்தாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது அலமாரியின் அடித்தட்டைத் திறந்தான். அக்கா கடைசியாக வெளுத்து மடித்துத் தந்த கோட்டு இருந்தது. கழுத்துப்பட்டையின் உள்பக்கம் சிவப்பு நூலில் அவள் போட்ட குறி. அதையே மாட்டிக்கொண்டான்.

அவளுடைய நீரில் இன்னும் ஒரே ஒரு கண்ணாடித்துண்டுக்குத்தான் மீதி இருந்தது. சாயம் விட்டு, ஊறவைத்து, கழுவி, நுண்ணோக்கியில் வைத்தான். மேடம் குனிந்து பார்த்தார். வாய் வரை வந்த வசவோடு நிமிர்ந்தவர், கோட்டைப் பார்த்தார். கழுத்துப்பட்டையையும் பார்த்தார்.

"நூல் விழுந்திருக்கு" என்றார், மெதுவாக.

"ஆமா மேடம்."

கண்ணாடித்துண்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நாற்காலியை அவனுக்கு விட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அவன் குனிந்தான். பச்சைப் பொட்டுகளுக்கு நடுவே ஒரு நீல நூல் வளைந்து கிடந்தது. அதிக நேரம் வெளிச்சம் பட்டால் இரண்டுமே மங்கிப்போகும். கையை நீட்டி ஊதா விளக்கை அணைத்தான்.