எடைக்கு வைத்த ஸ்பிரிங்

வடக்கே, மான் மேய்க்கிற எங்கள் பக்கத்தில் முதுகு வலிக்காத ஆள் கிடையாது. கெட்டிப்பட்ட பனிமேடுகளில் பனிவண்டி குதிக்கிற குதியில் எலும்பு தேய்ந்துபோகும். அதனால் அக்கா புருஷன் ஈசாத் போன இலையுதிர் காலத்திலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வண்டியில ஷாக் அப்சார்பர் போயிருச்சு" என்றேன் நான். சுரங்கத்தில் லாரி பழுது பார்த்தவன் சொன்னால் ஊரில் மறுபேச்சு இல்லை.

ஷாக் போயிருந்ததும் உண்மைதான். பின்பக்கத்து இரண்டும் எண்ணெய் கக்கிக் காய்ந்து கிடந்தன. புது வண்டி வாங்கச் சொன்னால் அவர் கேட்கமாட்டார். மலைமேல் நின்றுபோனால் இதை ஒரு ஸ்பேனரை வைத்துக் கிளப்பிவிடலாம், புதுசுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் வரவேண்டும் என்பார். சரியென்று, கேஸ் அடைத்து மேலே ஸ்பிரிங் சுற்றிய புது ஷாக்குகளை வரவழைத்தேன். ஏப்ரல் வந்துவிட்டது. சினைப் பனிமான்கள் குட்டி போடக் கடற்கரைப் பக்கமாக மூக்கைத் திருப்பிவிட்டன. இந்த வாரம் மந்தை கிளம்பும், ஈசாத் அதன் பின்னால் போயாக வேண்டும்.

பழைய போல்ட்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. தீ காட்டி, சுத்தியலால் அடித்து, கையைக் கிழித்துக்கொண்டு கழற்றினேன். புதியவற்றை மாட்டியதும் கேட்டேன்:

"மாமா, உங்க எடை எவ்வளவு? அதுக்குத்தான் ஸ்பிரிங்கை இறுக்கணும்."

"அடுத்து எத்தனை மான் வச்சிருக்கேன்னு கேப்பியா?"

பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது மாதிரி, எங்கள் ஆட்களிடம் அதைவிட அசிங்கமான கேள்வி இல்லை. ரெண்டு பேரும் சிரித்தோம்.

"சொல்லுங்க மாமா."

"தொண்ணூத்தஞ்சு போட்டுக்க. நான் என்னிக்கும் அதானே."

அந்த எடைக்கு இறுக்கினேன். வண்டியின் பின்பக்கம் ஒரு பலகையை நிறுத்தி, ஆள் உட்கார்ந்தால் பம்பர் எதுவரை இறங்க வேண்டுமோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டேன்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். பம்பர் கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் இன்னொரு கோடு போட்டேன்.

"ஸ்பிரிங்கை மாத்தி அனுப்பிட்டானுங்க மாமா."

"நீ ஒரு தடவை உக்காந்து பாரு, தொப்பை."

எனக்கும் அவருக்கும் ஒரே அளவுச் சட்டைதான். நான் உட்கார்ந்ததும் பம்பர் முதல் கோட்டில் போய் நின்றது. ஸ்பிரிங்கில் தப்பில்லை.

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"மேல்கோட்டைக் கழத்துங்க மாமா."

"குளிருதுடா."

"அடுப்பு எரியுது. கழத்துங்க."

கழற்றினார். உள்ளே ரெண்டு ஸ்வெட்டர். அதற்குக் கீழே பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள், மிச்ச வார் நாக்கு மாதிரி தொங்கியது.

"முதுகுல எங்க வலிக்குது?"

அவர் கை முதுகுக்குப் போகவில்லை, மேல்வயிற்றில் போய் நின்றது. "இங்க ஆரம்பிச்சு பின்னால போகுது. சாப்பிட்டா ஜாஸ்தி."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வாயை மூடு மாப்ள. குட்டி போட்டு முடியட்டும், நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அந்த ஆணியை டப்பாவுல திருப்பிப் போட்டுட்டா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

கதவருகே அக்கா ரிஸ்தன், காபிக் கெட்டிலோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"தெரிஞ்சா ஏன்கா கேக்கல?" என்றேன்.

"நீதான ஷாக்குன்ன? ஷாக்காவே இருக்கட்டும்னு நானும் வேண்டிக்கிட்டேன்."

ஈசாத் மேல்கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு ஆல்டா ஆஸ்பத்திரிக்குப் போறோம் மாமா. என் வண்டியில."

"மந்தை? உங்க அப்பனா வந்து ஓட்டுவான்?"

"நான் ஓட்டுறேன்," என்றாள் அக்கா. "அதுல என் காதுக்குறி போட்ட மான் இல்லையா? கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஓட்டலையா?"

"இந்த வண்டியிலயா? முதல் மேட்டுலயே உன்னைத் தூக்கிப் போட்ரும். ஸ்பிரிங் எனக்கு வச்சது."

"அப்ப எனக்கு வைக்கட்டும். தம்பி, வைடா."

கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அக்கா பொடி உடம்புக்காரி. கல்யாணத்தன்று ஈசாத் அவளை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்ததை இன்றும் ஊரில் சொல்வார்கள்.

பலகையைப் பார்த்தேன். பம்பர் இறங்கி, இரண்டாவது கோட்டில் நின்றிருந்தது. ஈசாத் உட்கார்ந்தபோது நான் போட்ட கோட்டில்.

அக்காவுக்கு அது தெரியாது, அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈசாத் குனிந்து பலகையைப் பார்த்தார். கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்தார். அழித்துவிடுவாரோ என்று நினைத்தேன், அழிக்கவில்லை.

ஸ்பேனரை மாட்டி ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். அக்காவோடு வண்டி மெல்ல முதல் கோட்டுக்கு இறங்கியது.

"காலையில எப்பக் கிளம்பணும்?" என்று கேட்டார் ஈசாத். கை இன்னும் பலகையில்தான் இருந்தது.