ஏழு மணிக்குக் கிளம்பிய படகு

குசுமோதோவுக்குச் சரியான பதில் தெரியும். அதில் மின்டாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பதிலைச் சொன்ன மறுகணமே அதை ஏன் மாற்றிவிடுகிறார் என்பதுதான் புரியவில்லை.

"படகு எத்தனை மணிக்குக் கிளம்பிச்சு சார்?" என்று கேட்பாள், பிலிப்பைன்ஸின் டுமகெட்டி ஊரில் தன் அறையில் கணினி முன்னால் உட்கார்ந்தபடி.

ஜப்பானின் ஒசாகாவில் டை கட்டி உட்கார்ந்திருக்கும் அவர் தெளிவாகச் சொல்வார்: "ஏழு மணிக்கு." பிறகு திரையில் அவள் முகத்தைப் பார்ப்பார். குரல் இறங்கிவிடும். "இல்ல டீச்சர்... எட்டு மணிக்கா?"

பாடத்தில் இருந்த கதையில் படகு ஏழு மணிக்குத்தான் கிளம்பியிருந்தது.

இணையத்தில் ஆங்கிலம் சொல்லித்தரும் அந்த நிறுவனம் அவளுக்கு மூன்று சோதனைப் பாடங்கள் கொடுத்திருந்தது. மூன்றும் குசுமோதோவுக்கு. மூன்றாவது பாடம் முடிந்ததும் அவர் ஐந்துக்கு நான்கு மதிப்பெண்ணாவது போட்டால்தான் வேலை. இரண்டு பாடம் முடிந்திருந்தது. மேற்பார்வை பார்க்கும் ஜோவிதா மேடம் எழுதியிருந்தார்: "உன் ஆங்கிலத்தில் குறையே இல்லை. ஆனால் உன் முன்னால் மாணவர் தடுமாறுகிறார். காரணத்தைக் கண்டுபிடி."

ஆங்கிலத்தில் எப்படிக் குறை இருக்கும்? மின்டாவின் ஊரில் மீன் பேரம் வீட்டு மொழியான செபுவானோவில் நடக்கும், விலை ஸ்பானிய எண்களில் வரும், ரசீது ஆங்கிலத்தில் கிடைக்கும். செபுவானோவில் தொடங்கும் சண்டைகூடக் கோபம் தலைக்கேறினால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும்.

சந்தையில் இலைச்சோறு விற்றுவிட்டு வந்த அக்கா பானிங்கை அருகில் இழுத்து உட்காரவைத்து, மின்டா பாடத்தின் பதிவை ஓடவிட்டாள்.

"யம்மா, என்னா இங்கிலீஷு! எனக்கு மூக்குல ரத்தம் வருது, பஞ்சு கொண்டா!" என்றாள் பானிங். கடினமான ஆங்கிலம் காதில் விழுந்தால் ஊரே அடிக்கும் கேலி அது.

"விளையாடாத மானாங்," என்று அக்காவை அதட்டினாள் மின்டா. "அவரு ஏன் மாத்திச் சொல்றாரு? அதப் பாரு."

"நீ மொறச்சிருப்ப."

"நான் சரின்னுதானே சொல்றேன்?"

"ஆமா, சரின்னுதான் சொல்ற. பாத்தாலே தெரியுதே. அந்தாளுக்குத்தான் காது கேக்கல போலிருக்கு."

நான்கு முறை பார்த்தார்கள். இருவர் கண்ணிலும் எதுவும் படவில்லை.

மூன்றாவது பாடத்தன்று விடியும்போதே மழை. படம் உறைந்து உறைந்து நின்றதால் மின்டா கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பாடம் நடத்தினாள். குசுமோதோ பதில் சொல்வார். அவள் "சரி" என்பாள். அடுத்த கேள்விக்குப் போவார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து. ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை.

அப்படியென்றால் சிக்கல் அவள் முகத்தில் இருந்தது.

மழை விட்டது. இணைப்பு சீரானது. பாடம் முடிய எட்டு நிமிடம் இருந்தது. கேமராவை அணைத்தே வைத்திருந்தால் நான்கு நிச்சயம், ஐந்தே கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் காரணம் கடைசிவரை தெரியாமல் போய்விடும். மின்டாவின் விரல் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் நின்றது. அழுத்திவிட்டாள்.

"படகுல எத்தனை பேர் இருந்தாங்க சார்?"

"ஒன்பது பேர்." அவர் கண் அவள் முகத்துக்கு வந்தது. தோள் சரிந்தது. "இல்ல, பத்து..."

"சார், நில்லுங்க. இப்ப என் முகத்துல என்ன பாத்தீங்க?"

"மன்னிக்கணும் டீச்சர்."

"கோபமில்ல சார். நெஜமாவே எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

குசுமோதோ வெட்கத்தோடு இரண்டு புருவங்களையும் சட்டென்று உயர்த்தி இறக்கினார். "நான் பதில் சொன்னா டீச்சர் இப்படி ஆச்சரியப்படுறீங்க. தப்பாச் சொல்லிட்டேன்னு நெனச்சுக்குவேன்."

திரையின் மூலையில் தெரிந்த தன் சின்ன முகத்தை மின்டா புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு சிரிப்பு பீறிட்டது.

"சார், அது 'ஆமா'! இங்க நாங்க ஆமான்னு சொல்றதே அப்படித்தான்."

"எல்லாருமா?"

"எல்லாரும். டிரைவர், டாக்டர், பாதிரியார்கூட."

"வாயத் திறக்காமலேயேவா?" அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து தானும் செய்து பார்த்தார். முதல் தடவை கண்தான் விரிந்தது, புருவம் எழவில்லை. மின்டா திருத்தினாள். மறுபடி செய்தார். நேரம் முடிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

மதியம் மதிப்பெண் வந்தது. நான்கு. கீழே ஒரு வரி: "இரண்டு வாரம் என்னைப் பயமுறுத்தியதற்காக ஒன்று குறைத்திருக்கிறேன்." அதற்கும் கீழே, திங்கட்கிழமை பாடத்துக்கு அவரே தலைப்பு கொடுத்திருந்தார்: டீச்சர் 'இல்லை' என்று எப்படிச் சொல்வார்?

மின்டா சமையலறைக்கு ஓடினாள். "மானாங், வேல கெடச்சிருச்சு! நாம இல்லன்னு எப்படிச் சொல்லுவோம்?"

பானிங் அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் யோசித்தாள். "நாம எங்கடி இல்லன்னு சொல்றோம்? பாக்கலாம்னுல்ல சொல்லுவோம்."

வெளியே பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். ஏணி இரவல் வேண்டுமாம். போன தடவை வாங்கியதைத் திருப்பித் தர ஆறு மாதம் ஆக்கியவள் அவள். பானிங் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மின்டா நோட்டும் பேனாவுமாக, அக்காவின் முகம் தெரியும்படி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.