கோஷம் சொல்லிக் கொடுத்தவள்

எய்ட்ஸ் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய் எழவில்லை. "ஒழிப்போம், ஒழிப்போம்" என்று மட்டும் கூரை பிய்த்துக்கொள்ளும்படி கத்தினார்கள். எதை ஒழிப்பது என்ற இடம் வந்ததும் குரல் முனகலாகி, பின்வரிசையில் ஒரு சிரிப்பில் போய் முடிந்தது. அனிட்டா டீச்சர் கோபப்படவில்லை. வாய்ப்பாடு சொல்ல வைப்பதுபோல அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்த கூச்சமெல்லாம் தேய்ந்து, கத்தரிக்காய் வெண்டைக்காய் என்பதைப்போல அதுவும் ஒரு சொல்லானது. பிறகு ஃபாதர் எழுதிக் கொடுத்திருந்த கோஷங்களைச் சொல்லிக் கொடுத்தாள். அதில் ஆணுறை பற்றிய ஒன்றைத் தலைமையாசிரியை சிஸ்டர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'ஒழுக்கம் காப்போம்' என்று மேலே எழுதியிருந்தார். "தொட்டால் பரவாது, தூற்றினால் ஆறாது" என்ற கோஷம்தான் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. அதைத் தாளம் போட்டுச் சொன்னார்கள்.

பாபநாசத்துக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையோரம் இருந்த அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளியில் இருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் சம்பா, வராவிட்டால் தரிசு என்று ஆன பிறகு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் பம்பாய்க்கும் திருப்பூருக்கும் போனார்கள். போனவர்களில் சிலர் இளைத்துத் திரும்பினார்கள். காசநோய், மஞ்சள்காமாலை என்று வீட்டார் சொன்னதையே சொல்லி ஃபாதர் சகாயநாதன் அவர்களை அடக்கம் செய்தார். கடைசியாக ஒருவனுக்குக் குழி வெட்டக்கூட ஆள் வரவில்லை. ஃபாதரே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், டிசம்பர் முதல் தேதி பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் சேர்ந்து பாபநாசம் வரை நடக்கப்போகிறோம் என்று அறிவித்தார். நாகப்பட்டினத்துப் பக்கம், இந்த நோயில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருந்தது. வழியில் கிடைக்கும் காணிக்கை அந்த இல்லத்துக்குப் போகும் என்றார்.

அனிட்டாவின் கணவன் ரெமிஜியஸ் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். போன சித்திரையில் திடீரென்று ஊர் வந்து சேர்ந்தான். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, கம்பெனி ஆளைக் குறைக்கிறது என்றான். வந்ததிலிருந்து முன்னறையில் பெஞ்சில் படுத்துக்கொண்டான். கேட்டதற்கு முதுகுவலி என்றான். தன் துணியைத் தானே துவைத்தான். சோப்பு, சவரக் கத்தி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆணியில் உயரமாக மாட்டி வைத்தான். பகலெல்லாம் கொல்லைக் கொட்டகையில் யாருடைய பழைய ஃப்ரிட்ஜையாவது பிரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பான். அனிட்டாவுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அவன் வீட்டில் இல்லாதபோது பெட்டியைத் துழாவி ஏதாவது பெண்ணின் போட்டோ இருக்கிறதா என்று பார்த்தாள். எதுவும் இல்லை. இல்லாததுதான் அவளை இன்னும் வதைத்தது. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போனபோது, அந்த முகம் தெரியாத பெண் ஒழிந்துபோக வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். வேண்டி முடித்ததும் இப்படி வேண்டலாமா என்று பயமாகவும் இருந்தது.

நடைக்கு வரச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள். "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போய்விட்டான்.

டிசம்பர் முதல் தேதி காலை மழை விட்டிருந்தது. மயிலாடுதுறையிலிருந்து, நோயோடு வாழும் பெண்களின் சங்கத்தைச் சேர்ந்த அம்சவல்லி என்பவர் வந்து பேசுவதாக ஏற்பாடு. அவரை பஸ் ஸ்டாப்பிலிருந்து அழைத்து வருவது அனிட்டாவின் பொறுப்பு. எலும்பும் தோலுமாக ஒருத்தியை எதிர்பார்த்து நின்றவள் முன்னால், கிளிப்பச்சைப் புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பூசினாற்போன்ற பெண் வந்து நின்று, "டீச்சர் நீங்கதானா?" என்றாள். அனிட்டா நாகரிகம் பார்த்துக் கைகூப்பினாள். அம்சவல்லி அந்தக் கையை அப்படியே பிடித்துக் குலுக்கினாள். பள்ளியில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அம்சவல்லிக்கு மட்டும் காகிதக் கோப்பை. அவள் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தாள். "இது பரவால்ல டீச்சர். போன வருஷம் ஒரு ஊர்ல கொட்டாங்கச்சி தேடுனாங்க."

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேனர், பின்னால் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் கோயில் அன்பியக் குழுக்களின் பெண்கள், கடைசியில் மொபெட்டில் ஃபாதர். இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. தாழ்வான வயல்களில் மழைநீர் வடியாமல் பயிரின் கழுத்துவரை கிடந்தது. அனிட்டா கைமைக்கில் கோஷத்தின் முதல் பாதியைச் சொன்னாள், பிள்ளைகள் மறுபாதியைச் சொன்னார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்கள். வாசலில் நின்றிருந்த கமருன்னிஸா பாய்வீட்டம்மா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்து, பிள்ளைகள் ஏந்தி வந்த காணிக்கை உண்டியலில் பணம் போட்டுவிட்டுப் போனார்.

அம்சவல்லி அனிட்டாவின் பக்கத்திலேயே நடந்தாள். கோஷத்துக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்தாள். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று விசாரித்தாள்.

"ஒரே பொண்ணு. ஜெனிட்டா. அதோ பேனர் பிடிச்சிருக்கு பாருங்க."

"உங்க வீட்டுக்காரரு?"

"குவைத்துல இருந்தாங்க. சித்திரையில வந்துட்டாங்க."

"லீவுலயா?"

"இல்ல. கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு."

அம்சவல்லி பேனர் பிடித்துப் போகும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "எங்க வீட்டுக்காரரு இருந்தது துபாய்ல" என்றாள் பிறகு. "அங்க விசா புதுப்பிக்கணும்னா ரத்தம் எடுப்பாங்க டீச்சர். இது இருக்குன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். ரூமுக்குக்கூடத் திரும்ப விடமாட்டாங்க. ஒரு எடத்துல அடைச்சு வச்சிருந்து அப்படியே ஃப்ளைட்ல ஏத்தி விட்டுருவாங்க. போட்ட சட்டையோட வந்து நின்னாரு மனுசன். கேட்டா கம்பெனிய மூடிட்டாங்கன்னாரு. நானும் நம்புனேன்."

அனிட்டா மைக்கை வாயருகே வைத்திருந்தாள். முந்தைய விடுமுறைகளிலெல்லாம் ரெமிஜியஸ் வந்தால், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளை வாடகைக் காரிலிருந்து இறக்கவே அரைமணி ஆகும். பால்பவுடர் டின், கம்பளி, தைலம், மிக்ஸி என்று வீடே நாலு நாளைக்கு வேறு நாட்டு வாசனை அடிக்கும். சித்திரையில் அவன் ஒரு கைப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். சாமானெல்லாம் கார்கோவில் வரும் என்றான். வரவேயில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனுக்காக அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கொட்டகையில் தகரம் கிழித்து அவன் கையில் ரத்தம் கொட்டிய அன்று, ஓடிப்போய்த் தாவணியால் அமுக்கப்போன ஜெனிட்டாவைப் பார்த்து, "தொடாத! போ அந்தப் பக்கம்!" என்று அலறினான். பிள்ளை பயந்து இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. என்ன மனிதன் இவன் என்று அனிட்டா அன்று திட்டித் தீர்த்தாள்.

"டீச்சர்..." யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். கோஷம் நின்றுபோயிருந்தது. பிள்ளைகள் தங்கள் பாதிக்காகக் காத்திருந்தார்கள். "தொட்டால்" என்று ஒரு மாணவி மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

"தொட்டால் பரவாது" என்றாள் அனிட்டா. குரல் தன்னுடையதுபோல இல்லை. மைக்கில் எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அம்சவல்லிக்குத் தெரிந்தது. வெயில் ஏறுகிறது என்று தன் குடையை விரித்து இருவருக்கும் சேர்த்துப் பிடித்தாள். பாபநாசம் வரும்வரை மடக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்ன மேடை. அம்சவல்லி பேசிக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து ஒருவர், "ஒன் புருசன் எங்க போய் வாங்கிட்டு வந்தான், அதச் சொல்லும்மா" என்றார். சிலர் சிரித்தார்கள். ஃபாதர் எழுந்துவிட்டார். அம்சவல்லி அவரைக் கையமர்த்தினாள். "அதக் கேக்கணும்னுதான் இருந்தேங்க" என்றாள். "அவர எடுத்து உக்கார வைக்கிறது, குளிப்பாட்டுறது, கஞ்சி ஊத்துறதுன்னே போயிடுச்சு. கேக்க நேரமே கிடைக்கல. அதுக்குள்ள செத்துப்போயிட்டாரு." சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். நமக்கு நேரம் இருக்கிறது என்று அனிட்டா நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு ஆறுதலாக வந்ததா, ஆத்திரமாக வந்ததா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மதியம் வீடு திரும்பியபோது ரெமிஜியஸ் கொட்டகையில் இருந்தான். ஜெனிட்டா பக்கத்து வீட்டுக்குப் போகும்வரை அனிட்டா காத்திருந்தாள். பிறகு கொட்டகை வாசலில் போய் நின்றாள்.

"ஏங்க, குவைத்துல ரத்தம் எடுத்துத்தான அனுப்புனாங்க?"

அவன் கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். யார் சொன்னது என்று கேட்பான், சத்தம் போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். ஆமாம் என்பதுபோல அவன் தலை மட்டும் ஆடியது.

"அதுக்கு முந்தின லீவுல வந்தப்ப தெரியுமா?"

"தெரியாது. பொண்ணு மேல சத்தியமா தெரியாது அனிட்டா."

"அவ மேல சத்தியம் பண்ணாதீங்க."

"தெரியாது" என்றான் மறுபடியும். "தெரிஞ்சப்பறம் ஒங்கிட்ட வரல. அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது."

எட்டு மாதமாக அவள் வெறுத்த பெஞ்சும் பையும் முதுகுவலியும் வேறு ஒன்றாக மாறி அவள் முன்னால் நின்றன. அதற்காக அவனிடம் இரங்க வேண்டும்போல இருந்தது. கூடவே அந்த முந்தின விடுமுறை, அந்த ஈஸ்டர், அவள் சந்தோஷமாக இருந்த அந்த நாட்கள் அவள் ரத்தத்துக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம் என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. வேப்பங்கொட்டையும் வெல்லமும் ஒரே வாயில் கிடந்தன.

"எனக்கும் இருக்குமா?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் அழவில்லை. அழுதால் இவனைத் தேற்றுகிற வேலையும் தன் தலையில் விழும் என்று பட்டது.

"யாரு அவ?"

"யாருன்னு சொல்ல ஒண்ணும் இல்ல" என்றான் கைகளுக்குள்ளிருந்து. "பேருகூடத் தெரியாது."

கோழி ஒன்று வந்து கழற்றிப்போட்ட நட்டுகளைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. மாதாவிடம் ஒழிந்துபோகச் சொல்லிக் கேட்டது யாரை என்று இப்போது நினைத்தாள்.

"நாளைக்குத் தஞ்சாவூர் போறோம். பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாக்குறாங்களாம். நமக்கு ரெண்டு பேருக்கும் பாத்துட்டு, பிள்ளைக்கு எப்பப் பாக்கணும்னு கேட்டுட்டு வருவோம்."

"ஊர்க்காரங்க யாராச்சும் பாத்துட்டா?"

"பாக்கட்டும். ஊரக் கூட்டி ரோட்டுல கத்துனவ நான். டீச்சர் அடுத்த வருசத்துக்கு நோட்டீசு வாங்க வந்திருக்காங்கன்னு நெனச்சுக்குவாங்க." சொன்ன பிறகு அது சிரிப்பு வரக்கூடிய பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. இருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. தஞ்சாவூர் பஸ்ஸில் நடுவில் ஒரு இரட்டை இருக்கைதான் காலியாக இருந்தது. அனிட்டா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரெமிஜியஸ் இருக்கையின் விளிம்பில், பாதி உடம்பு நடைபாதையில் தொங்க, இடையில் இன்னொரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தான். ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்று திரும்பி, சாரல் நேராக உள்ளே அடித்தது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று சுழன்று சுழன்று போனது. அவள் ஜன்னல் ஷட்டரை இறக்கப் பார்த்தாள். அது கொஞ்சம் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. புடவை நனைந்தது. அவன் எட்டிக் கையை நீட்டினான். அவள் விரல் அங்கே இருந்ததைப் பார்த்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஷட்டர் மறுபடி மேலே ஏறியது.

"பிடிங்க" என்றாள் அவள், வெளியே பார்த்தபடி. "ஒரு பக்கமா இழுத்தா வராது."

அவன் நகர்ந்து வந்தான். அவள் ஒரு முனையையும் அவன் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். துருப்பிடித்த தகரம் கிறீச்சிட்டுப் பாதிவரை இறங்கி நின்றது. அதற்குமேல் வரவில்லை. விட்டால் ஏறிவிடும்போல இருந்ததால் இருவரும் கையை எடுக்கவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டி வயல்களுக்கிடையே வேகம் பிடித்தது.