ஐந்து மணி ஆட்டத்துக்கு ஒரு பல்

கால்பந்து வர்ணனை செய்யப் போகிறவளுக்கு எந்தப் பல் வேண்டுமானாலும் போகலாம், முன்பல் மட்டும் போகக் கூடாது. என் தங்கைக்கு அதுதான் போயிற்று. அதுவும் ஆட்டத்தன்று மத்தியானம், ஆட்டக்காரர்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டே பேனா மூடியைக் கடித்ததில். ஏற்கெனவே நரம்பெடுத்த பல் அது. அப்படிப்பட்ட பல் காய்ந்த சுள்ளி மாதிரி, மேலே உறை போடாவிட்டால் ஒருநாள் ஒடியும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாளா? நான் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். ஊருக்கெல்லாம் என் பேச்சு எடுபடும், வீட்டில் எடுபடாது.

ஒடிந்த துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடிவந்தாள். பளாரென்று ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு. அவள் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. வானொலியில் அன்று மாலை ஐந்து மணிக்கு இறுதி ஆட்டம், நேரடி வர்ணனை. வர்ணனையாளர் நாற்காலியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. நடையாய் நடந்து வாங்கிய வாய்ப்பு. நிலையத் தயாரிப்பாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பக்கத்தில் மூத்த வர்ணனையாளர் தயாராக உட்கார்ந்திருப்பார். இவள் உச்சரிப்பு தடுமாறினால் மைக் அவரிடம் போய்விடும், திரும்பி வராது.

"எங்க, ஆஃப்சைட் சொல்லு" என்றேன்.

சொன்னாள். காற்றுதான் வந்தது. ஃபவுல், பாஸ், ஃப்ரீகிக் என்று கால்பந்தில் பாதி வார்த்தைகள் முன்பல்லை நம்பிப் பிழைக்கிறவை.

எங்கள் டாக்டர் நிதானத்துக்குப் பேர்போனவர். அவர் ஒரு பல்லைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பல் ஆடத் தொடங்கிவிடும் என்பார்கள். ஆனால் கால்பந்துப் பைத்தியம். விஷயத்தைக் கேட்டதும் சோற்றுக் கையை உதறிவிட்டு எழுந்தார். நிரந்தர உறை செய்து வர நாளாகும், இப்போதைக்குத் தற்காலிகப் பல் ஒன்று செய்துவிடலாம் என்றார். நரம்பில்லாத பல் என்பதால் மரத்துப்போக ஊசியும் வேண்டியதில்லை, உதடு உதடாகவே இருக்கும். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

தயாராக வரும் பிளாஸ்டிக் உறைகள் எங்களிடம் ஒரு பெட்டி நிறைய உண்டு, சட்டை மாதிரி அளவு அளவாக. ஒன்று அகலம், ஒன்று மஞ்சள், ஒன்றை வைத்துப் பார்த்தால் முயல். பொடியையும் திரவத்தையும் குழைத்துச் செய்யும் அக்ரிலிக்கை டாக்டர் கையில் எடுத்தார். அது நாறும், இறுகும்போது சுருங்கும், ஓரம் சரியாக உட்காராது, துப்பாக்கியையே எடுங்கள் என்றேன். துப்பாக்கி என்றால் இரண்டு குழலில் இரண்டு பசை, அழுத்தினால் முனையிலேயே கலந்து வந்து சட்டென்று இறுகும் ரெசின். விலை கூடுதல், ஆனால் பல் பல்லாக இருக்கும்.

ஒடிந்த துண்டை மெழுகு வைத்து அதன் இடத்திலேயே ஒட்டினோம். அதன்மேல் மாவு போன்ற அச்சுப்பசையை அழுத்தி எடுத்ததும் முழுப் பல்லின் வடிவம் அச்சில் பதிந்துவிட்டது. துண்டை எடுத்துவிட்டு, மிஞ்சிய கட்டையை டாக்டர் சுற்றிலும் செதுக்கினார். ரெசின் அதில் பிடித்துக்கொள்ளாமலிருக்க நான் கட்டைமேல் வாசலின் தடவினேன். அச்சில் ரெசினை நிரப்பி வாயில் அழுத்தினேன். இனிமேல்தான் உயிர் போகிற இடம். சீக்கிரம் எடுத்தால் பிய்ந்து வரும், தாமதித்தால் கவ்விக்கொண்டு வரவே வராது. ரப்பர் மாதிரி இருக்கும்போது எடுக்க வேண்டும். எடுத்தேன், முழுசாக வந்தது. நான் குதித்தே விட்டேன்.

ஓரம் தேய்த்து, பளபளப்பாக்கி, மாட்டிப் பார்த்தோம். சாய்ந்த நாற்காலியிலேயே ஒரு கற்பனை ஆட்டத்தை வர்ணித்தாள். ஃபவுல் என்றபோது பல்லிடுக்கில் விசில் அடித்தது. டாக்டர் மயிரிழை தேய்த்தார். மறுபடி ஃபவுல், மறுபடி தேய்ப்பு. வெளியே கடைவாய்ப் பல்வலியோடு காத்திருந்த பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்து, எத்தனைக்கு எத்தனை என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒருவழியாக ஃபவுல் கண்ணாடி மாதிரி விழுந்தது. டாக்டர் கை கழுவப் போனார். அவளோ நேரமாச்சு நேரமாச்சு என்று நாற்காலியில் துள்ளினாள். தற்காலிக சிமெண்டை அவசரமாகக் குழைத்து ஒட்டினேன். இறுகியதுதான் தாமதம், சிட்டாகப் பறந்தாள்.

அன்று கிளினிக்கைச் சீக்கிரமே மூடிவிட்டு, கருவித் தட்டின்மேல் வானொலியை வைத்துக்கொண்டு டாக்டரும் நானும் உட்கார்ந்தோம். என்ன குரல்! வீட்டில் தொணதொணப்பாகக் கேட்டதுதான் அங்கே அருவியாகக் கொட்டியது. முதல் பாதி முடியும் நேரத்தில் ஒரு ஃபவுலில் காற்று கேட்டது. தட்டைப் பார்த்தேன். வாசலினைத் துடைக்க எடுத்து வைத்த பஞ்சு, வைத்த இடத்திலேயே வெள்ளை வெளேரென்று இருந்தது. துடைக்கவே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் எந்த சிமெண்ட் நிற்கும்?

இடைவேளையில் ஃபோன் வந்தது.

"அக்கா, பல்லு கைல இருக்கு." அவ்வளவுதான் சொன்னாள்.

என்னை நானே திட்டிக்கொண்டு சிமெண்ட் பெட்டியை அள்ளினேன். டாக்டர் அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். அந்த மனிதருக்கு அவ்வளவு வேகம் எங்கே ஒளிந்திருந்ததோ. அவருடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்த மைதானக் காவலாளிகள் யாருக்கோ மாரடைப்பு என்று பதறி வழிவிட்டார்கள்.

வர்ணனை அறைக்குள் நுழைந்தபோது இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. தங்கை பல்லில்லாமலே பேசிக்கொண்டிருந்தாள். தயாரிப்பாளரின் விரல் மூத்தவருடைய மைக்கின் பொத்தான்மேல் இருந்தது. நான் சிமெண்டைக் குழைத்து அவள் முன்னால் நீட்டினேன். ஒட்டினால் சற்று நேரம் வாய் மூடியிருக்க வேண்டும். பரவாயில்லை, அதுவரை நான் பேசுகிறேன் என்று மூத்தவர் சைகை காட்டினார். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். மைதானத்தில் ஒருவன் பந்தோடு பிய்த்துக்கொண்டு கிளம்பியிருந்தான்.

"உருட்டிக் குடுக்கறாரு... வாங்கினவரு ஓடறாரு... பின்னாலிருந்து காலுக்குக் கொக்கி போடறாங்க, விழல, விழல, இன்னும் ஓடறாரு..."

பாஸ் எங்கே, ஃபவுல் எங்கே? ஒன்றைக்கூடக் காணோம். முன்பல் கேட்கும் வார்த்தைகளையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு, வாய்க்கு வந்த வார்த்தைகளில் ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். எதிரணிக்காரன் ஒருவன் ஆஃப்சைடில் மாட்டியபோது, "கோட்டுக்கு அப்பால நின்னு வாங்கிட்டாரு, கொடி ஏறிடுச்சு!" என்றாள். மூத்தவர் தொடையில் தட்டிக்கொண்டார். தயாரிப்பாளரின் விரல் பொத்தானை விட்டு எப்போது விலகியது என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் கோல் விழுந்தபோது நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன், அதுவும் ஒலிபரப்பாகியிருக்கிறது.

ஆட்டம் முடிந்து ஒலிபரப்பு விளக்கு அணைந்ததும் தயாரிப்பாளர் அவள் அருகில் வந்தார்.

"அடுத்த தொடரும் நீங்கதாம்மா. கொடி ஏறிடுச்சுன்னு சொன்னீங்களே, அப்படியே சொல்லுங்க. மாத்திடாதீங்க."

குழைத்த சிமெண்ட் அதற்குள் கல்லாகியிருந்தது. புதிதாகக் குழைத்தேன். கட்டைப் பல்லைப் பஞ்சால் துடைத்தேன், இன்னொரு பஞ்சால் மறுபடி துடைத்தேன். உறையை அழுத்தி, கடித்துக்கொள் என்றேன். ஆட்டம் முழுக்க ஓயாத வாயை மூடிக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டத் தொடங்கியது.

"அழாதடி, ஈரம் பட்டா ஒட்டாது" என்று அதட்டினேன். அவள் கன்னத்தைத் துடைக்கப் போன பஞ்சால் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.