இடது தோள், வலது தோள்

உங்க தோள்ல பின்னால இருந்து யாராவது விரலால தொட்டா நீங்க என்ன செய்வீங்க? திரும்பிப் பாப்பீங்கள்லா? எல்லாரும் அப்படித்தான். திரும்பாத ஒரு பிள்ளைய எனக்குத் தெரியும். பேரு ஜெயப்பிரியா. அப்ப நாலரை வயசு. அவ ஏன் திரும்பலன்னு எனக்குப் புரிஞ்ச பெறவும் நான் வாயைத் தொறக்கல. அதைத்தான் எழுதுதேன்.

ரெண்டாயிரத்து ரெண்டுல நான் கோவில்பட்டில ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சாரா இருந்தேன். சார்னா பெரிசா நெனச்சிராதீங்க. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில ஆறு மாசம் கம்ப்யூட்டர் படிச்சவன், அவ்வளவுதான். எம்பேரு கருத்தப்பாண்டி. பள்ளிக்கூடத்தை நடத்துன நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி மொத நாளே, "இங்கிலீஷ் மீடியத்துக்கு இந்தப் பேரு சரிப்படாதுப்பா. இன்னையில இருந்து நீ பாண்டியன் சார்"னு சொல்லிட்டாவ. அவியளுக்குத் தீப்பெட்டி ஆபீஸும் இருந்துச்சு. அங்க வேலை பாக்குற பொம்பளையாளுக பிள்ளைகள நம்ம பள்ளிக்கூடத்துலயே சேத்துக்கிடுவாவ. ஆபீஸ் வேன் காலையில ஊர் ஊராப் போயி ஆளு ஏத்திட்டு வரும்போது பிள்ளைகளும் அதுலயே வந்து எறங்கிரும்.

பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுக்கு ஒரு துணி உறை, ரெண்டு ஸ்பீக்கர், சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு விளையாட்டு சிடி. சிடியப் போட்டா திரையில ரெண்டு படம் வரும். இடப்பக்கம் யானை, வலப்பக்கம் பூனைன்னு வச்சிக்கிடுங்க. வெள்ளைக்காரப் பொம்பளை ஒருத்தி இங்கிலீஷ்ல, யானை எங்கன இருக்குன்னு கேப்பா. பிள்ளை அந்தப் பக்கத்து அம்புக்குறி பட்டனை அமுக்கணும். சரியா அமுக்குனா ஒரு முயல் குதிச்சிக் குதிச்சிக் கை தட்டும். தப்பா அமுக்குனா ஒரு கரடி வந்து தலையை ஆட்டும்.

அவ பேசுற இங்கிலீஷு எனக்கே பாதிதான் புரியும். பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? அதுக பாட்டுக்கு இஷ்டத்துக்கு அமுக்கும். கரடி வந்தாலும் சிரிக்கும், முயல் வந்தாலும் சிரிக்கும். நான் தீப்பெட்டி லேபிள்ல செவப்புத் துண்டு ஒண்ணும் பச்சைத் துண்டு ஒண்ணும் வெட்டி ரெண்டு பட்டன்லயும் ஒட்டி வச்சேன். இடது செவப்பு, வலது பச்சை. அப்பவும் கரடிதான் அதிகமா வந்துச்சு.

மார்ச் மாசம் ஆண்டு விழா. அண்ணாச்சி என்னையக் கூப்பிட்டாவ.

"பாண்டியன் சார், விழாவுல பிள்ளைக கம்ப்யூட்டர் போட்டுக் காட்டணும். பெத்தவங்க முன்னால அந்தக் கரடி ஒரு வாட்டி கூட வரக்கூடாது. கரடி வந்துச்சுன்னா ஜூன்ல அட்மிஷன் வராது, பாத்துக்கோ."

எல்லாத்துக்கும் வழி கண்டுபிடிக்கிறவன்னு எனக்கு என்மேல ஒரு நெனப்பு உண்டு. சிடியில வார கேள்வியெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். பிள்ளை நாற்காலிக்குப் பின்னால நான் நிப்பேன். இடது தோளைத் தொட்டா செவப்பு. வலது தோளைத் தொட்டா பச்சை. பாக்குறவங்களுக்கு சார் பிள்ளைய விழாமப் புடிச்சிக்கிட்டு நிக்காருன்னு தெரியும். பத்து நாளு பழக்குனேன். பிள்ளைக கூச்சத்துல நெளியும். தொட்டவுடனே திரும்பி, "என்ன சார்?"னு கேக்கும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டு வாய் பொளந்து பாத்துக்கிட்டே நான் தொட்டதை மறந்துரும்.

ஜெயப்பிரியா மட்டும்தான் திரும்ப மாட்டா. பசுவந்தனையில இருந்து வேன்ல வார பிள்ளை. வகுப்புல ஒரு வார்த்தை பேச மாட்டா. பட்டிக்காட்டுப் பிள்ளை, வெக்கப்படுதுன்னு மிஸ் சொன்னாவ. ஆனா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டா அவ தோளு ரெண்டும் முழிச்சிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கும். நான் லேசாத் தொட்டாப் போதும், பட்டுனு அமுக்கிருவா. ஒரு தப்பு கெடையாது. இந்தப் பிள்ளைக்கு என்னா கவனம்னு நான் ஆச்சரியப்பட்டேன். நாந்தான் அவளைக் கண்டுபிடிச்ச மாதிரி ஒரு பெருமை வேற.

விழா அன்னைக்கிக் கடைசியா அவளை உக்கார வச்சேன். இருபது கேள்வி. இருபதுக்கும் முயல் வந்துச்சு. பந்தல்ல இருந்த மொத்தச் சனமும் முயலோட சேந்து கை தட்டுச்சு. அண்ணாச்சி மைக்கைப் புடிச்சி, "நம்ம பசுவந்தனைப் பிள்ளைங்க இது! இங்கிலீஷ்காரி கேக்கா, நம்ம பிள்ளை பதில் சொல்லுது பாத்துக்கோங்க!"ன்னாவ. அன்னைக்கே எனக்கு ஒரு சட்டைத் துணி குடுத்து, ஜூன்ல இருந்து நீ பெர்மனெண்ட்டுன்னு சொன்னாவ.

விழா முடிஞ்சி ஒயரைச் சுத்திக்கிட்டு இருந்தேன். பிள்ளையோட அம்மா முத்துமாரியம்மாள் வந்தாவ. அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுற வேலை. முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கிட்டே நின்னாவ.

"சார், நீங்க நல்லாருக்கணும். எங்களுக்குப் பெரிய பாரம் எறங்கிச்சி."

"என்னக்கா பாரம்?"

"இவளுக்கு இன்னும் பேச்சு வரலைல்லா? எங்க வீட்டுக்காரரும் அஞ்சு வயசுலதான் பேசுனாவளாம், அதனால நாங்களும் பெரிசா எடுத்துக்கல. எங்க ஊரு நர்சம்மாதான், காது கேக்குதான்னு பாத்துருங்கன்னு ஒரே புடி. வார வியாழக்கிழமை திருநெல்வேலி பெரியாஸ்பத்திரில காது முகாம். அதுக்குச் சீட்டும் எழுதித் தந்துட்டாவ. நானும் இம்புட்டு நாளு தூங்கல சார். இன்னைக்கி அவ அந்தப் பொம்பளை கேக்கக் கேக்க அமுக்குனா பாருங்க. இனி எதுக்கு ஆஸ்பத்திரி?"

கையில சுத்துன ஒயரை அப்படியே வச்சிட்டு நின்னேன். பிள்ளை அவிய காலைக் கட்டிக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சிது.

எனக்கு அந்த எடத்துலயே தெரிஞ்சி போச்சு. திரும்பாத தலை. பேசாத வாயி. சத்தத்துக்கு மயங்காத கவனம். ஆனா நான், "சரிக்கா, பாத்துப் போங்க"ன்னுதான் சொன்னேன்.

திங்கக்கிழமை எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல அவளை மட்டும் கூப்பிட்டு உக்கார வச்சேன். ஸ்பீக்கரை முழுசாத் திருகி விட்டேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன். வெள்ளைக்காரி கத்துனா. பக்கத்து வகுப்புல இருந்து ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கிட்டு ஓடி வந்து எட்டிப் பாத்துச்சு. ஜெயப்பிரியா ரெண்டு பட்டன் மேலயும் ரெண்டு விரலை வச்சிக்கிட்டு அசையாம உக்காந்திருந்தா. அந்தப் பொம்பளை மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டே இருந்தா. அவ காத்துக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சி மொத தடவையா என்னையத் திரும்பிப் பாத்தா. ஏன் சார் தொட மாட்டேங்கீங்கன்னு கேக்குற மாதிரி இருந்துச்சு.

நான் தொட்டேன். முயல் வந்துச்சு. அவளுக்குச் சந்தோசம்.

செவ்வாக்கிழமை சொல்லிருவோம்னு நெனச்சேன். சொல்லல. என்னத்தைன்னு சொல்ல? தோளைத் தொட்டேன்னு சொல்லணும். ஒரு பிள்ளைக்கின்னு சொன்னா விழாவுல உக்காந்த அத்தனை பிள்ளைக்கும் சொன்ன மாதிரி ஆயிரும். வேலை போயிரும். அதைக் கூட விடுங்க. மார்க்கெட் ரோட்டுல நடந்தா, "பாண்டியன் சார் போறாரு"ன்னு நாலு பேரு எந்திரிச்சி வணக்கம் சொல்ல ஆரம்பிச்சிருந்தாவ. அது போயிரும்னுதான் எனக்குப் பெரிசாப் பட்டுச்சு. வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அதுதான் நெசம்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பசுவந்தனை பஸ்ஸுல ஏறிட்டேன். ரெண்டு பக்கமும் பருத்திச் செடி காஞ்சி நிக்க, கரிசல் வெடிச்சிக் கெடந்துச்சு. வழி பூராவும் சொல்ல வேண்டியதை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். பஸ்ஸுல சொல்லும்போது நல்லாத்தான் வந்துச்சு.

பிள்ளையோட அப்பா வெயிலுமுத்து அண்ணாச்சி என்னையப் பாத்ததும் ஆட்டுக்குப் போட்ட கொழையை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தாவ. தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கட்டிலைத் தட்டி உக்காரச் சொன்னாவ. பக்கத்து வீடுகள்ல இருந்து ரெண்டு மூணு பேரு வந்துட்டாவ. பிள்ளை கொஞ்சம் தள்ளி ஒரு ஆட்டுக்குட்டியோட வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. முதுகு எங்க பக்கம்.

"ஏட்டி பிரியா! ஆரு வந்திருக்கா பாரு! ஒங்க சாரு!"

அவ திரும்பல. இன்னொரு தடவை சத்தமாக் கூப்பிட்டாவ. திரும்பல.

"வெளையாட்டுப் புத்தி சார். கம்ப்யூட்டர் முன்னாலன்னாத்தான் கவனம் வருது"ன்னு வெயிலுமுத்து அண்ணாச்சி பெருமையாச் சிரிச்சாவ.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, "எங்க வீட்டு மனுசனுக்குத் தமிழ்ல கூப்பிட்டாலே காது கேக்க மாட்டேங்கு. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால ஒரு நாளு உக்கார வச்சிக் குடுங்களேன் சார்"னா.

"அவன் காது கேக்காதது நீ கூப்பிடும்போது மட்டுந்தான்"னு இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.

முத்துமாரியக்கா டீ கொண்டாந்து குடுத்தாவ. ரெண்டு மொடக்குக் குடிச்சிட்டு ஆரம்பிச்சேன்.

"அண்ணாச்சி, நாளைக்கி அந்த முகாமுக்கு எதுக்கும் ஒரு வாட்டி போயிட்டு வந்துருங்களேன்."

"எதுக்கு சார்?"

"சும்மா, பாத்துட்டா நல்லதுதான."

அண்ணாச்சிக்கு ஒண்ணும் வெளங்கல. "இங்கிலீஷு கேக்குற காதுக்குத் தமிழு கேக்காதா சார்? நாங்க படிக்காத ஆளுக. எங்களுக்கே ஒரு கேள்வி புரியல. இருபதுக்கும் இவ சரியாச் சொன்னாள்லா. அம்புட்டுப் பேரு பாத்தாவளே."

"இல்ல, நர்சம்மா சொல்லிருக்காவள்லா..."

"அவிய பிள்ளை கம்ப்யூட்டர் போட்டதப் பாக்கல சார். பாத்திருந்தா சீட்டு எழுதிருக்க மாட்டாவ."

முத்துமாரியக்கா மட்டும் சிரிக்கல. செவுத்துல தொங்குன காலண்டர் பக்கத்துல போயி நின்னாவ. அந்த ஆணியிலதான் முகாம் சீட்டைச் சொருகி வச்சிருந்தாவ. அதை எடுத்துக் கையில வச்சிக்கிட்டு என் பக்கத்துல வந்து குனிஞ்சி, மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரி கேட்டாவ.

"சார், நர்சம்மா ஒண்ணு சொன்னாவ. அஞ்சு வயசுக்குள்ள காதுல மிசின் மாட்டிப் பழக்குனாத்தான் பேச்சு வருமாம். அடுத்த முகாம் எப்ப வருமோ தெரியாதாம். எனக்கு இன்னும் மனசு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. நீங்க அவ பக்கத்துலயே நின்னீங்கள்லா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவளாத்தான அமுக்குனா?"

இவ்வளவு நேரா யாரும் என்கிட்ட எதையும் கேட்டது கெடையாது. நாந்தான் தோளைத் தொட்டேன்க்கா. அவ்வளவுதான் சொல்லணும். அத்தனை பேரும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாவ. அண்ணாச்சி கண்ணுல அம்புட்டுப் பெருமை.

"ஆமாக்கா. அவதான் அமுக்குனா"ன்னேன்.

அவிய ஒரு மூச்சு விட்டாவ. சீட்டைத் திரும்பவும் அந்த ஆணியிலயே சொருகுனாவ. பெறவு அடுப்படிக்குப் போயி ஒரு பையில பாசிப்பயறு கட்டிக் கொண்டாந்து, "நம்ம காட்டுல வெளஞ்சது சார். அம்மாகிட்டக் குடுங்க"ன்னு என் கையில குடுத்தாவ. நான் வேண்டாம்னு கூடச் சொல்லல.

பஸ் ஏத்தி விட அண்ணாச்சி பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தாவ. "சாருக்கு டாட்டா காட்டு"ன்னு அவ கையைப் புடிச்சி ஆட்டுனாவ. அதுக்குப் பெறவு அவளாவே ஆட்டுனா. பஸ் ஊரைத் தாண்டி, கம்மாயைத் தாண்டிப் போச்சு. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் எறங்கித் திரும்பி நடந்துருவோம்னு நெனச்சேன். ரெண்டு நிறுத்தம் வரைக்கும் நடந்து போயிரலாங்கிற தூரந்தான் இருந்துச்சு. மூணாவதுக்குப் பெறவு, இனிமே தூரம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மடியில பயறுப் பை கனமா இருந்துச்சு. எங்க அம்மா வாங்கிப் பாத்துட்டு, "ஆரு குடுத்தா, நல்லாத் தெரட்சியா இருக்கே"ன்னு கேட்டா. ஒரு பிள்ளையோட அம்மான்னேன்.

அந்த வருசமே நான் வேலையை விட்டுட்டு வந்துட்டேன். இப்ப சூரத்துல ஒரு சேலைக் குடோன்ல இருக்கேன். ஏழு வருசம் ஆச்சு. இங்கன என்கூட தமிழ் பேச ஆளு கெடையாது. யாராவது கூப்பிடணும்னா பின்னால வந்து தோளைத் தொடுவாங்க.

நான் பசுவந்தனை போயிட்டு வந்த மறுநாள், அந்த முகாம் வியாழக்கிழமை, காலையில எட்டரை மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னுச்சு. முத்துமாரியக்கா ஜெயப்பிரியாவ எறக்கி விட்டுட்டு, எனக்கு ஒரு வணக்கம் வச்சிட்டு, வேன்ல ஏறி வேலைக்குப் போனாவ. பிள்ளை யூனிபார்ம் போட்டிருந்தா. நேரா கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து, நாற்காலியில ஏறி உக்காந்து, செவப்புல ஒரு விரலையும் பச்சையில ஒரு விரலையும் வச்சிக்கிட்டா.